ஒரே ஒரு வளைய அலையை வரையச் சொன்னால் ஒன்பது தெரிகின்றன: பிழை நிரலிலா, மென்பொருளிலா?

ஒளியியல்_மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை இயற்பியல் மாணவன். துறைக் கண்காட்சிக்கான ஒரு சுவரொட்டியையும், ஆய்வகத்தில் லேசர் ஒளியைக் குவித்துக் காட்டுவதற்கான ஃப்ரெனல் மண்டலத் தகட்டின் அச்சுப் படத்தையும் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மண்டலத் தகட்டில் மையத்திலிருந்து வெளியே செல்லச் செல்ல வளையங்கள் நெருங்கிக்கொண்டே போகும். அதற்கு எளிய முன்மாதிரியாக, எக்ஸ் வர்க்கத்தையும் ஒய் வர்க்கத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு சைன் மதிப்பு எடுக்கும் சார்பைத் தேர்ந்தெடுத்தேன்.

பைத்தானில் நம்பை என்ற எண் கணிப்பு நூலகத்தைக் கொண்டு இரு அச்சுகளிலும் −50 முதல் +50 வரை 1001 புள்ளிகள் எடுத்து, மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தின் இம்ஷோ கட்டளையால் சாம்பல் நிறத்தில் வரைந்தேன். நடுவில் ஒரே ஒரு வளையத் தொகுதி வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், 3க்கு 3 என்ற வரிசையில் ஒன்பது தொகுதிகள் வந்து நிற்கின்றன. சுற்றியுள்ள எட்டும் நடுத் தொகுதியைப் போலவே தெளிவாக இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள பகுதி வெறும் சாம்பலாகத் தெரிகிறது. பக்கத்துத் தொகுதியின் மையம் நடு மையத்திலிருந்து ஏறத்தாழ 31.4 அலகு தொலைவில் இருக்கிறது.

புள்ளிகளை 2001 ஆக்கியதும் அந்த எட்டும் மறைந்துவிட்டன. ஆனால் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நெருங்க வேண்டிய வளையங்கள் அங்கே ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. அதே சார்பை முப்பரிமாணப் பரப்பாக வரைந்தபோது, வளையம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் தாறுமாறான முட்கள்தாம் கிடைத்தன. வேறொரு கணித மென்பொருளான ஆக்டேவிலும் 1001 புள்ளிகளுக்கு அதே ஒன்பது வருவதால், ஒரு மென்பொருளின் கோளாறாக இது இருக்காது என்று நினைக்கிறேன். சார்பில் இல்லாத மையங்கள் படத்தில் எங்கிருந்து வருகின்றன, எத்தனை புள்ளிகள் எடுத்தால் படத்தை நம்பலாம் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.


அச்சு_நண்பர் எழுதியது:

படத்தைச் சேமிக்கும்போது டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற) மதிப்பை 600 என்று கொடுத்துப் பாருங்கள். இயல்பாக இருக்கும் 100 டிபிஐ நுண்ணிய கோடுகளுக்குப் போதாது. எனக்குத் தெரிந்தவரை இத்தகைய சிக்கல்கள் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.


சிற்றலை எழுதியது:

மேலே சொன்ன டிபிஐ ஆலோசனை வேறொரு சிக்கலுக்கு உரியது. அதைப் பிறகு வருபவர்கள் விளக்கக்கூடும். உங்கள் ஒன்பது மையங்களும் படம் வரையப்படுவதற்கு முன்பே, நீங்கள் கணக்கிட்ட எண்களின் அட்டவணையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் ஆக்டேவும் அதையே காட்டுகிறது. சைலேபில் போட்டாலும் மேத்தமெட்டிக்காவில் இதே அட்டவணையைக் கொடுத்தாலும் அதையேதான் காட்டும்.

முதலில் 31.4 என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்கள் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு 0.1, பை (π) மதிப்பை 0.1ஆல் வகுத்தால் 31.4 கிடைக்கிறது. இது தற்செயலன்று என்பதை நான்கு வரியில் நிறுவலாம். புள்ளி இடைவெளியை இ என்றும், பையை இ-யால் வகுத்த ஈவை ப என்றும் குறிப்போம். எக்ஸ் அச்சில் ப என்ற இடத்திலிருந்து க இடைவெளிகள் தள்ளியிருக்கும் புள்ளியின் ஆயத்தொலைவு ப + க·இ ஆகும். இதன் வர்க்கம் ப² + 2·ப·க·இ + (க·இ)². இதில் ப·இ என்பது பை என்பதால் நடு உறுப்பு 2·பை·க என்று ஆகிறது. க முழு எண்ணாக இருப்பதால் அது முழுச் சுற்றுகளின் எண்ணிக்கையே, சைன் அதைக் கண்டுகொள்ளாது. மிஞ்சுவது ப² என்ற மாறிலியும், மையத்திலிருந்து அளந்தால் வரும் அதே (க·இ)² உறுப்பும். ஆகவே போலி மையத்தைச் சுற்றியுள்ள எண்கள், உண்மையான மையத்தைச் சுற்றியுள்ள அலையின் அச்சு அசலான நகல். தொடக்கக் கட்டம் (அலை தன் சுற்றின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது) மட்டுமே மாறியிருக்கிறது. தோராயமாக ஒத்துப்போகிறது என்பதல்ல, சமன்பாட்டின்படியே ஒன்றாக இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இது தனித்தனியே பொருந்துவதால் எக்ஸ் திசையில் மூன்று, ஒய் திசையில் மூன்று என ஒன்பது வருகின்றன. அடுத்த வரிசை 62.8இல் இருக்கிறது, உங்கள் படம் 50இல் முடிந்துவிடுவதால் அது தெரியவில்லை.

இதன் பின்னணியில் இருப்பது மாதிரியெடுப்புத் தேற்றம். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தி அலைகளைப் பற்றி எழுதியதிலும், கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட நிறுவலிலும் உள்ள கருத்துதான்: ஓர் அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் இல்லாவிட்டால், அந்த மாதிரிகள் வேறொரு மெதுவான அலைக்கும் சமமாகப் பொருந்தும். பழைய படங்களில் குதிரை வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். உங்கள் சார்பில் கட்டம் எக்ஸ் வர்க்கமாக வளர்வதால் அதன் வகைக்கெழு 2·எக்ஸ்; ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும்போது கட்டம் ஏறத்தாழ 2·எக்ஸ்·இ ரேடியன் நகர்கிறது. இந்த நகர்வு பை அளவைத் தாண்டும் இடத்தில், அதாவது எக்ஸ் 15.7ஐத் தாண்டியதுமே, உங்கள் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது. 15.7இல் அடுத்தடுத்த புள்ளிகள் எதிரெதிர்க் குறிகளைப் பெறுகின்றன. அந்தக் கறுப்பு–வெள்ளை நெசவு திரையில் காட்டப்படும்போது சராசரியாகிவிடுவதால்தான் இடைப்பகுதி உங்களுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அதைத் தாண்டியபின் போலி அலை மெல்ல மெல்ல மெதுவாகி, 31.4இல் முற்றிலும் நின்று, மறுபடியும் வேகமெடுக்கிறது. அந்த நிற்கும் இடத்தைத்தான் நம் கண் மையம் என்று படிக்கிறது.

இப்போது 2001 புள்ளிகளுக்கு வருவோம். இடைவெளி 0.05 ஆனதால் போலி மையங்கள் 62.8க்குத் தள்ளிப்போய்ச் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் பொய் தொடங்கும் எல்லை 31.4தான். அங்கிருந்து 50 வரை நீங்கள் காண்பது, வெளியே நிற்கும் போலி மையத்தை நோக்கி அகன்றுகொண்டே போகும் வளையங்கள். இந்த இரண்டாவது படம்தான் முதலாவதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. ஒன்பது மையங்களைப் பார்த்தால் எவருக்கும் ஐயம் வரும். ஒரே மையம் இருந்துவிட்டால் பெரும்பாலோர் கேள்வி கேட்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள்.

50 வரை படம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் இடைவெளி பையை 100ஆல் வகுத்த 0.0314க்குக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் அச்சிலும் குறைந்தது 3200 புள்ளிகள். அது தேற்றத்தின் விளிம்பு மட்டுமே. அந்த விளிம்பில் எண்கள் சரியாக இருந்தாலும் கண்ணுக்கு வளையம் வளையமாகத் தெரியாது. ஒரு சுற்றுக்கு ஆறு முதல் எட்டுப் புள்ளிகள் இருந்தால்தான் உருவம் ஒழுங்காக வரும் என்பதால், 10,000 புள்ளிகளுக்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

உங்கள் சார்பின் விடை முன்கூட்டியே தெரியாத நிலையில், ஒரு வடிவம் உண்மையா போலியா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, புள்ளிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்காமல் கொஞ்சம் மட்டும் மாற்றுவது. 1001க்குப் பதிலாக 1070 என்று வையுங்கள். பக்கத்து மையம் 31.4இலிருந்து 33.6க்கு நகரும், நடு மையம் அசையாது. சார்பின் உண்மையான கூறு எதுவும் புள்ளி எண்ணிக்கைக்காக இடம்பெயராது. இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. புள்ளி எண்ணிக்கையை மாற்றாமல், எக்ஸ் அச்சின் புள்ளிகள் அனைத்தையும் அரை இடைவெளி, அதாவது 0.05, நகர்த்துங்கள். எக்ஸ் அச்சின் மீதுள்ள இரு போலி மையங்களிலும் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிவிடும். ஏனெனில் அங்கே கட்டம் 2·ப·(இ/2), அதாவது சரியாகப் பை, கூடுகிறது. நடு மையம் அப்படியே இருக்கும். ஒய் அச்சையும் அரை இடைவெளி நகர்த்தினால் நான்கு மூலைகளிலும் உள்ள மையங்களில் இரண்டு பைகள் சேர்ந்து முழுச் சுற்றாகிவிடுவதால் அவை பழைய நிறத்துக்கே திரும்பும். அச்சுகளின் மீதுள்ள நான்கு மட்டும் நிறம் மாறிய நிலையில் இருக்கும். இதைத் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் கண்காட்சிக்கே நல்ல பொருளாக இருக்கும்.

ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறேன். இந்த வடிவத்துக்குத் தனி வரலாறு உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் கானெட், எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்த தொகையின் முழு எண் பகுதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று மட்டும் பார்த்துப் புள்ளி வைத்தபோது கிடைத்த அலங்கார வடிவங்களை, டியூட்னி 1986இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் தம் பத்தியில் சுவர்த்தாள் வடிவங்களாக அறிமுகப்படுத்தினார். அழகுக்காக வேண்டுமென்றே இதைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அளவீட்டுக்காகச் செய்யும்போதுதான் சிக்கல்.


பிக்சல்_பித்தன் எழுதியது:

சிற்றலை அவர்களின் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். மென்பொருள் தன் பங்குக்குச் செய்யும் இரண்டாவது மாதிரியெடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிபிஐ விவகாரமும் அதில்தான் வருகிறது.

மேட்பிளாட்லிப்பின் இயல்பான படச்சட்டகம் 6.4 அங்குலத்துக்கு 4.8 அங்குலம், 100 டிபிஐ. அதில் அச்சுகளுக்குக் கிடைக்கும் உயரம் 77 விழுக்காடு. ஆகவே உங்கள் 1001க்கு 1001 அட்டவணை, திரையில் ஏறத்தாழ 370க்கு 370 பிக்சல் கொண்ட சதுரத்துக்குள் அமுக்கப்படுகிறது. புதிய பதிப்புகளில் இம்ஷோ இப்படி அமுக்கும்போது தானாகவே ஒரு வடிகட்டியைப் பயன்படுத்திச் சராசரி எடுக்கிறது. உங்களுக்கு இடைப்பகுதி மென்மையான சாம்பலாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். பழைய பதிப்பு வைத்திருக்கும் நண்பரின் கணினியில் இதே நிரலை ஓட்டினால், அல்லது இன்டர்பொலேஷன் என்ற இடத்தில் நியரஸ்ட் என்று கொடுத்தால், சராசரி இல்லாமல் ஏறத்தாழ 2.7 புள்ளிகளுக்கு ஒன்றைப் பொறுக்கி எடுப்பதால் 11.6 அலகு இடைவெளியில் இன்னொரு கூட்டம் போலி மையங்கள் முளைக்கும். டிபிஐ கூட்டினால் மறைவது இந்த இரண்டாவது கூட்டம் மட்டுமே. அட்டவணைக்குள் இருக்கும் ஒன்பதும் 600 டிபிஐயில் இன்னும் கூர்மையாக அச்சாகும்.

இந்த இரண்டாம் கட்டத்தை ஒழிக்க எளிய வழி, சட்டகம், அச்சு, தலைப்பு ஏதுமின்றி அட்டவணையின் ஓர் எண்ணுக்கு ஒரு பிக்சல் என்று நேரடியாகக் கோப்பாக எழுதும் இம்சேவ் கட்டளையைப் பயன்படுத்துவது. கோப்பு பிஎன்ஜி ஆக இருக்கட்டும். ஜேபெக் வடிவம் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்ணிய விவரங்களைத்தான் முதலில் வெட்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அளவையும் குறைத்துவிடும். அச்சகத்துக்கு அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

முப்பரிமாண முட்களுக்கு விடை இன்னும் எளிது. மேட்பிளாட்லிப்பின் பரப்பு வரையும் கட்டளை, நீங்கள் எவ்வளவு பெரிய அட்டவணை கொடுத்தாலும் ஒரு திசைக்கு அதிகபட்சம் 50 மாதிரிகளைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. 1001 வரிசைகளில் 21க்கு ஒன்று என்று தாவுவதால் உங்கள் இடைவெளி 0.1இலிருந்து 2.1 ஆகிவிடுகிறது, பையை 2.1ஆல் வகுத்தால் 1.5 வருகிறது, போலி மையங்களின் இடைவெளி புள்ளி இடைவெளியைவிடக் குறைந்துபோகிறது. அப்புறம் எங்கே வளையம் தெரியும்? இந்த மாதிரி எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் ஆர்கவுண்ட் (வரிசைகளுக்கு), சிகவுண்ட் (நெடுவரிசைகளுக்கு) ஆகிய இரண்டையும் உயர்த்தலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் உயர்த்தினால் கணினி திணறும். இந்தச் சார்புக்கு முப்பரிமாணப் பரப்பு தேவையே இல்லை என்பது என் எண்ணம். −4 முதல் 4 வரை மட்டும் பரப்பாக வரைந்து, மற்றதைத் தட்டைப் படமாக விடுங்கள். பிற மென்பொருள்களிலும் இயல்பு எண்ணிக்கை இப்படிக் குறைவாகவே இருக்கும்: க்னூபிளாட்டில் பரப்புக்கு ஒரு திசையில் 10 கோடுகள், சேஜ்மேத்தின் அடர்த்திப் படத்தில் ஒரு திசைக்கு 25 புள்ளிகள். வழவழப்பான சார்புகளை விரைவாகக் காட்டுவதற்கு வைத்த எண்கள் இவை, அலைகளுக்கு உதவாது.

சுவரொட்டிக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, வரம்பைச் சுருக்கிக்கொண்டு வளையங்களைத் தெளிவாகக் காட்டுவது. மற்றொன்று, 50 வரை காட்டியே ஆக வேண்டுமென்றால், வெளியிலுள்ள வளையங்கள் பிக்சலைவிட மெல்லியவை என்பதை ஒப்புக்கொண்டு அவை சாம்பலாக மங்கும்படி விடுவது. அதற்கு ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் 8க்கு 8 உட்புள்ளிகளில் சார்பைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 1000 பிக்சல் படத்துக்கு 8000க்கு 8000 அட்டவணை. இரட்டைத் துல்லிய எண்களாக வைத்தால் 512 எம்பி. நம்பையில் அதை 1000, 8, 1000, 8 என்ற நாற்பரிமாண வடிவத்துக்கு மாற்றி இரண்டாம், நான்காம் அச்சுகளில் சராசரி எடுத்தால் ஒரே வரியில் முடியும். நினைவகம் போதாவிட்டால் நூறு நூறு வரிசைகளாகச் செய்யலாம். ஓரங்களைச் சேர்த்து எண்ணும் லின்ஸ்பேஸ் கட்டளைக்குப் பதிலாக, ஒவ்வோர் உட்பிக்சலின் நடுவையும் ஆயத்தொலைவாக எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை எண்களுக்குத்தான் எடுக்க வேண்டும், நிறம் பூசிய பிறகு எடுக்கக் கூடாது.

இந்தச் சராசரி நடு மையத்திலிருந்து எக்ஸ் தொலைவில் அலையின் வீச்சை சைன்(எக்ஸ்·இ)/(எக்ஸ்·இ) மடங்காகக் குறைக்கிறது. 15.7இல் அது 0.64, போலி மையம் இருந்த 31.4இல் மிகச் சரியாகச் சுழி. போலி மையம் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அது அணைக்கப்படுவது இந்தக் கணக்கின் அழகு. அதற்கு அப்பால் வீச்சு கொஞ்சம் தலைதூக்கும். 50இல் 19 விழுக்காடு மிஞ்சும். அதுவும் கூடாது என்றால் நேர்ச் சராசரிக்குப் பதிலாகக் காசியன் எடையிட்ட சராசரியைப் பயன்படுத்துங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பலில் வரைந்தது நல்லது. ஜெட் என்ற வானவில் வரிசையில் மஞ்சளும் வெளிர்நீலமும் தனித்தனியே பளிச்சிடுவதால், ஒரு வளையம் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். ஏற்கெனவே போலிகளோடு போராடும் படத்தில் அது வேறு. மேட்லேப் 2014இலும் மேட்பிளாட்லிப் 2017இலும் தங்கள் இயல்பு நிற வரிசையை பருலா என்றும் விரிடிஸ் என்றும் மாற்றிக்கொண்டதற்கு இத்தகைய காரணங்களே அடிப்படை.


ஒளியியல்_மாணவன் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. அரை இடைவெளி நகர்த்தும் சோதனையைச் செய்து பார்த்தேன். பக்கத்து மையங்கள் சொன்னபடியே நிறம் மாறின. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் மூத்த மாணவர் ஒருவர் வேறொரு கணிப்பில் 0.1 இடைவெளியில் சேமித்து வைத்த அட்டவணை மட்டும் என்னிடம் உள்ளது; மூல நிரல் இல்லை. அந்த அட்டவணையை பைக்யூபிக் இடைக்கணிப்பால் (புள்ளிகளுக்கு இடையிலான மதிப்புகளை வழவழப்பாக ஊகித்து நிரப்பும் முறையால்) நான்கு மடங்கு பெரிதாக்கினால் அல்லது மங்கலாக்கினால் போலி வடிவங்களை நீக்க முடியுமா? இரண்டாவதாக, மண்டலத் தகட்டை லேசர் அச்சுப்பொறியில் தெளிதாளில் அச்சிடலாம் என்று நினைக்கிறேன். போலி மையங்கள் படத்தில் வந்தால் தோற்றம்தான் கெடும், ஒளி உண்மையான வளையங்களின்படிதானே குவியும்?


சிற்றலை எழுதியது:

முதல் கேள்விக்கு விடை: முடியாது. போலி மையத்தைச் சுற்றியுள்ள எண்களும் உண்மையான மையத்தைச் சுற்றியுள்ள எண்களும் ஒரே வகை என்று மேலே நிறுவியதன் பொருளே அதுதான். எந்த மென்பொருளாலும் அந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. பைக்யூபிக் அந்தப் போலி வளையங்களை மேலும் வழவழப்பாக்கி, உண்மையைப் போன்ற தோற்றத்தைக் கூட்டும். மங்கலாக்கினால் வேகமான அலைகள் அழியும்; போலி மையமோ அட்டவணையைப் பொறுத்தவரை மெதுவான அலை, அது தப்பிவிடும். சராசரி எடுப்பது மாதிரியெடுப்புக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

இதை ஒரு பரிமாணத்தில் பார்த்தால் ஐயம் மிஞ்சாது. சைன்(2·பை·எக்ஸ்) என்ற சார்பை 0 முதல் 24 வரை 25 புள்ளிகளில் கணக்கிடுங்கள். எல்லாப் புள்ளிகளும் முழு எண்களில் விழுவதால் 25 சுழிகள் கிடைக்கும். அந்தச் சுழிகளிலிருந்து 24 அலைகளை எந்த இடைக்கணிப்பு மீட்டெடுக்கும்? அந்தக் கணிப்பின் சமன்பாட்டையாவது மூத்தவரிடம் கேட்டு வாங்கி மறுபடி கணக்கிடுவதே வழி. சமன்பாட்டில் மிக வேகமான அலை எது என்று தெரிந்தால், அட்டவணையின் எந்தப் பகுதிவரை நம்பலாம் என்று எல்லை வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம்.


லேசர்_அறை எழுதியது:

மண்டலத் தகட்டைப் பற்றிய உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். ஒளிக்கு உங்கள் சமன்பாடு தெரியாது. தாளில் மை எங்கே இருக்கிறதோ அதைத்தான் அது அறியும். போலி மையங்களும் அச்சில் உண்மையான வளையங்கள்தாம். அவை ஒவ்வொன்றும் தனி வில்லையாகச் செயல்பட்டு ஒளியைக் குவிக்கும். பிக்சல் அமைப்புள்ள ஒளிப் பண்பேற்றிகளில் (ஒளியைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் கருவிகளில்) அளவுக்கு மீறிய வலுவுள்ள வில்லையை எழுதினால் ஒரு வில்லைக்குப் பதிலாக வில்லைக் கூட்டமே உருவாவது அறிந்த விளைவுதான்.

உங்கள் நிலைமைக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஹீலியம்–நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். குவியத்தூரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் மண்டலத்தின் ஆரம் அலைநீளத்தையும் குவியத்தூரத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலம், அதாவது 0.8 மில்லிமீட்டர். ஆரம் ஆர் உள்ள இடத்தில் ஒரு மண்டலத்தின் அகலம், அலைநீளத்தையும் குவியத்தூரத்தையும் பெருக்கி 2·ஆர் ஆல் வகுத்தது. 5 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 63 மைக்ரோமீட்டர். உங்கள் துறையின் அச்சுப்பொறி அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளியின் அளவு 42.3 மைக்ரோமீட்டர். ஆகவே ஆரம் 7.5 மில்லிமீட்டரை எட்டும்போது ஒரு மண்டலத்துக்கு ஒரே ஒரு மைப்புள்ளிதான் கிடைக்கும்; சிற்றலை சொன்ன 15.7 எல்லை இங்கே இதுதான். அதன் இரு மடங்கான 15 மில்லிமீட்டரில் முதல் போலி வில்லையின் மையம் அமரும். இதே 15 மில்லிமீட்டரை வேறு வழியிலும் பெறலாம். 42.3 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள புள்ளி வரிசையைக் கீற்றணியாக (ஒளியைக் குறிப்பிட்ட கோணங்களில் விலக்கும் சம இடைவெளிக் கோடுகளின் தொகுதியாக) கருதினால், அதன் முதல் வரிசை விளிம்பு விளைவு 0.015 ரேடியன் கோணத்தில் விலகி, 1 மீட்டருக்கு அப்பால் 15 மில்லிமீட்டர் தள்ளி விழும். கணித மென்பொருளில் தோன்றிய போலி மையமும் ஒளியியலின் கீற்றணி வரிசையும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கண்காட்சிக்கு வருபவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல செய்தி உங்களுக்குக் கிடைக்காது.

நடைமுறையில் 7.5 மில்லிமீட்டர் வரைகூடப் போக வேண்டாம். மண்டலத் தகடு கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலைகள் கொண்டது. சைன் அலையை இப்படி வெட்டும்போது மூன்று மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒத்திசைவும் மூன்றில் ஒரு பங்கு வீச்சோடு சேர்ந்துவிடுகிறது. அதன் போலி மையம் 15 மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது 5 மில்லிமீட்டரிலேயே, மங்கலாகத் தோன்றும். ஆகவே 600 டிபிஐ அச்சுப்பொறியில் ஆரத்தை 4 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் 25 மண்டலங்கள் கிடைக்கும், குவியம் தெளிவாகத் தெரிய அது போதும். பெரிய தகடு வேண்டுமென்றால் குவியத்தூரத்தை 2 மீட்டராக்கினால் எல்லா எல்லைகளும் இரட்டிக்கும். அல்லது ஆஃப்செட் அச்சகங்களுக்கு பாசிட்டிவ் எடுத்துத் தரும் இடங்களில் 2400 டிபிஐ ஃபிலிமில் எடுத்தால் புள்ளி 10.6 மைக்ரோமீட்டராகி, நான்கு மடங்கு ஆரம் கிடைக்கும். ஃபிலிமில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும் என்பது கூடுதல் நன்மை; தெளிதாளில் டோனர் ஓரளவு ஒளியைக் கசியவிடும்.

பிக்சல்_பித்தன் சொன்ன 8க்கு 8 சராசரியைத் தகட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். அது சுவரொட்டிக்கு உரியது. சாம்பல் நிறம் அச்சுப்பொறிக்குப் போனால், அது தன் விருப்பப்படி புள்ளித் திரையாக மாற்றி, புதிதாக ஒரு கீற்றணியைச் சேர்த்துவிடும். தகட்டுக்கு ஒரு மைப்புள்ளிக்கு ஓர் எண் என்ற அளவில் அட்டவணை அமைத்து, சைன் மதிப்பு சுழிக்கு மேலா கீழா என்று மட்டும் பார்த்து, ஒரு பிட் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்தும் வசதியை அணைத்து, அளவு 100 விழுக்காடு என்று வையுங்கள். அந்த வசதி இயங்கினால் படம் 97 விழுக்காடாகச் சுருங்கி, புள்ளிகள் மீண்டும் ஒருமுறை மாதிரியெடுக்கப்படும். 1 செ.மீ. அளவுக்கோடு ஒன்றையும் படத்தோரத்தில் சேர்த்து, அச்சான பின் நகரும் நுண்ணோக்கியின் கீழ் அதை அளந்து சரிபாருங்கள். கோடு 1 செ.மீ. இல்லாவிட்டால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அச்சுப்பொறியின் அமைப்பைத் திருத்துங்கள்.


ஒளியியல்_மாணவன் எழுதியது:

தெளிவாகப் புரிந்தது. தகட்டை 4 மில்லிமீட்டர் ஆரத்தில் 600 டிபிஐயில் முதலில் அச்சிடுகிறேன். ஃபிலிம் எடுத்துத் தரும் இடத்தையும் விசாரிக்கிறேன். சுவரொட்டியில் 1001 புள்ளிப் படத்தையும், 8க்கு 8 சராசரி எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, இடையில் அந்த நான்கு வரி நிறுவலை அச்சிடலாம் என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். நிறுவலை அப்படியே எடுத்துக்கொள்ள சிற்றலை ஐயா அனுமதிக்க வேண்டும்.


சிற்றலை எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியை அச்சகத்துக்கு அனுப்பும்போது 1001 புள்ளிப் படத்தை மட்டும் அவர்கள் அளவு மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நியரஸ்ட் முறையில் சரியாக மூன்று மடங்கு பெரிதாக்கி, 3003 பிக்சல் படமாக நீங்களே கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒன்பது மையங்களுக்குப் பதிலாக எத்தனை வரும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது.